மாந்தமும் தாயின் பத்தியமும்

செம்பனை சூழ்ந்த பண்டார் தெங்காராவில், ஒரு மாலை, அக்காளின் எட்டு மாதக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. கிளினிக்கிற்குக் கார் புறப்படும் முன்பே பாட்டியின் தீர்ப்பு வந்தது: "பால் கொடுக்கிறவ பலாப்பழம் தின்னலாமா? இது மாந்தம்தான்!" அக்காள் அழுதாள்; பதில் பேசவில்லை. அந்தச் சொல்லைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

மாந்தம் என்பது செரியாமை. பாலவாகடம் எனப்படும் சித்த மருத்துவ மரபு, அதனைப் பால் மாந்தம், ஊது மாந்தம், வலி மாந்தம் என்றெல்லாம் பிரிக்கும். தாய் உண்டது பாலைக் கெடுக்கும். கெட்ட பால் குழந்தையின் வயிற்றில் செரியாமல் தங்கும். வயிறு ஊதி, பேதியாகி, முற்றினால் வலிப்பாகும். ஆகவே மருந்து குழந்தைக்கு, பத்தியம் தாய்க்கு. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பர், வளையலாகவும் கட்டுவர். (இரவில் பாட்டி அதன் பெயரைச் சொல்ல மாட்டார், 'பேர் சொல்லாதது' என்பார்.) மலாய்க்காரர்கள் அதே வசம்பை ஜெராங்காவ் என்றும், குழந்தை வலிப்பைச் சாவான் என்றும் கூறுவர்.

இதை நம்மவர் அறியாமை என ஒதுக்குவோர் ஐரோப்பாவையும் பார்க்க வேண்டும். லண்டன் மருத்துவர் வால்டர் ஹாரிஸ், 1689இல் வெளியிட்ட நூலில், குழந்தை நோய்களுக்கு வயிற்றுப் புளிப்பே வேர் என்றார். அதை முறிக்கச் சிப்பித் தூள் கொடுத்தார். நம் மாந்தத்திற்கு அது ஒன்றுவிட்ட தம்பி!

அப்படியானால் தாயின் உணவுக்கும் குழந்தையின் வலிப்புக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் வேறு வழியில். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழும் தாயின் பாலில் தயமின் சத்துக் குறையும். அந்தப் பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் பெரிபெரி நோய் வரலாம், வலிப்பும் வரலாம். மலாயாவில் மருத்துவராக இருந்த பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார்: வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. (பிராடன் காரணத்தைத் தவறவிட்டார், அரிசியில் நஞ்சு என்று எண்ணினார். கண்டது சரி, காரணம் பிழை. பாட்டியும் அவரும் இதில் ஒரே கட்சி.) ஆக, தாய் தின்ற பலாப்பழத்தைவிட, பத்தியம் என்று விலக்கிய பருப்பும் மீனும் முட்டையுமே கவலைக்குரியவை.

அக்காள் குழந்தைக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வரும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் வசம்போ தண்ணீரோ எதுவும் ஊற்றக்கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழுங்கலரிசிக் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டார்.