பழைய மோட்டார் வண்டியின் பின்வில் தேய்வை அறியும் முறை

மோட்டார் வண்டியில் பழுது நேர்ந்தால் அதனைப் பட்டறைக்கு அனுப்பி, கேட்ட பொருளைக் கொடுத்து மீட்டு வருவதே உடையவன் கடமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பழுது எவ்வுறுப்பில் உளது, அவ்வுறுப்பின் தொழில் யாது என்னும் ஆராய்ச்சியைத் தொழிலாளிக்கே விட்டுவிடுகின்றனர். இவ்வெண்ணம் பொருளுக்குக் கேடு. சிற்சில வேளைகளில் உயிருக்கும் கேடு. இதனை என் தந்தையாரின் வண்டியால் யான் கற்றேன். அங்ஙனம் கற்றதனை ஒருவாறு முறைப்படுத்தி, பழைய வண்டியொன்றின் பின்வில்லும் அதனைச் சார்ந்த உறுப்புக்களும் தேய்ந்துள்ளனவா என்று அறியும் வழியை மாணவ நண்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

திண்டிவனம் பல வழிகள் கூடும் ஊர். சென்னையினின்று தெற்கே செல்லும் பெருஞ்சாலையும், புதுவைச் சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையும், மரக்காணம், வந்தவாசிச் சாலைகளும் இங்கே வந்து சேர்கின்றன. இவ்வூரில் என் தந்தையார் அம்பாசடர் வண்டியொன்றை வாடகைக்கு ஓட்டி எங்கள் குடும்பத்தைப் புரந்து வந்தார். ஓராண்டு மழைக்காலத்திற்குப் பின்னர், வண்டியின் பின்பக்கம் வளைவுகளில் அலைவதாகவும், பள்ளங்களில் அடியிலிருந்து ஓர் ஓசை எழுவதாகவும் அவர் உணர்ந்தார். பட்டறையொன்றில் காட்டியபொழுது, ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்றனர். பல நாள் வாடகைப் பணத்தைச் செலவிட்டுப் புதியன பூட்டினார். அலைவு நீங்கவில்லை. ஒரு மாலை, பயணிகள் நால்வருடன் செஞ்சியிலிருந்து திரும்புகையில் மாடொன்று குறுக்கிட, அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாக வீசி, சாலையோரப் புளியமரத்திற்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. ஒருவர்க்கும் தீங்கில்லை. அம்மாலை முதல், நேர்ந்த பிழை யாது என்னும் வினா என்னை விட்டகலவில்லை.

உறுப்புக்களும் அவற்றின் தொழில்களும்

அம்பாசடர் வண்டி, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை ஒட்டி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியாரால் வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி தொட்டு 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை செய்யப்பட்டது. பம்பாயில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினியைப் போலவே இதிலும் பின் அச்சு முழுமையான ஒரே உறுப்பாக அமைந்து, வண்டியின் நீளவாட்டில் கிடக்கும் இரண்டு பட்டை விற்களின்மேல் தங்கும். இவ்வமைப்பு எல்லா வண்டிகட்கும் பொதுவன்று. திண்டிவனத்திற்கு வரும் அதே பெருஞ்சாலையில், சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கத்தில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியில் ஒரே வில் குறுக்காகக் கிடந்து பின்சக்கரம் இரண்டிற்கும் பொதுவாக நின்றது. ஆதலின் ஈண்டுக் கூறுவன நீளவாட்டு வில்லுடைய வண்டிகட்கே பொருந்தும்.

இவ்வமைப்பில் மூன்று தொழில்கள் உள. அவற்றை ஒன்றோடொன்று மயங்காமல் அறிதலே நோயறிதலின் முதற்படியாம்.

முதலாவது, பாரம் தாங்குதல். இது வில்லின் தொழில். பட்டறைகளில் ஸ்பிரிங் பட்டை எனப்படும் எஃகுத் தகடுகள் நீளம் குறைந்துகொண்டே வருமாறு அடுக்கப்பட்டு, நடுவே சென்டர் போல்ட்டால் பிணைக்கப்பட்டுள்ளன. வில்லின் வளைவு பாரத்திற்கு நேர்விகிதமாகும் என்பது 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. நம் பௌதிக வகுப்பில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டுக் காண்பதும் இதுவே. ஆயின் எல்லை கடந்த பாரமும் நெடுநாள் உழைப்பும் எஃகுக்கு மீளா வளைவைத் தந்துவிடும். அப்பொழுது வில்லின் விறைப்பு பெரும்பாலும் குறையாது. அதன் உருவமே தாழ்ந்துவிடும். வண்டி தாழ்ந்து நிற்றலின் அச்சு மேலெழும்ப இடம் குன்றி, சிறு பள்ளத்திலும் மேலே மோதும்.

இரண்டாவது, அலைவை அடக்குதல். இது ஷாக் அப்சார்பரின் தொழில். அதனுள் எண்ணெய் நுண்டுளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்பட, அலைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. எண்ணெயால் இயங்கும் சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதன்று. ஆகவே தாழ்ந்த வண்டியைப் புதிய ஷாக் அப்சார்பர் உயர்த்தாது.

மூன்றாவது, அச்சை அதன் இடத்தில் நிறுத்துதல். இதுவும் வில்லின் பொறுப்பே எனினும், வில்லின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களும், பின்முனையின் ஷாக்கிளும், அச்சை வில்லோடு இறுக்கும் யூ போல்ட்டுகளும், சென்டர் போல்ட்டின் தலையும் அதற்குத் துணை. இவற்றுள் ஒன்று தளரினும் அச்சு முன்னும் பின்னும் நகரும். சக்கரம் நேரே செல்லாது.

சுருங்கக் கூறின், தாழ்வு வில்லைக் காட்டும். ஓயாத துள்ளல் ஷாக் அப்சார்பரைக் காட்டும். தட்டோசையும் ஒருபக்க விலகலும் புஷ்களையும் போல்ட்டுகளையும் காட்டும்.

சோதிக்கும் முறை

முதற்கண் பிறவற்றின் குறையை விலக்குதல் வேண்டும். நான்கு டயர்களிலும் காற்று உரிய அளவில் உளதா, சக்கர நட்டுகள் இறுகியுள்ளனவா, டிக்கியில் சுமையேதும் கிடக்கின்றதா என்று காண்க. நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிப் பழகிய நம் பக்கத்து வண்டிகளில் இக்கடைசிக் கேள்வி வீணன்று. புகைக்குழாய் தளர்ந்து அடித்தட்டில் இடிப்பதும் புஷ் தேய்ந்த ஓசையையே ஒக்கும்.

அடுத்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் குடத்து நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளக்க. அரை அங்குலத்திற்கு மேற்பட்ட வேற்றுமை ஐயத்திற்குரியது. ஓட்டுபவர் பெரும்பாலும் தனியே அமர்ந்து செல்லும் வண்டியில் அவர் பக்கத்து வில் முந்தித் தாழ்தல் இயல்பு. ஆயினும் முன்பக்கத்துக் குறையும் பின்பக்கத்தைச் சாய்க்கும். அதனை அறிய, முன்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கி கொடுத்துச் சிறிது உயர்த்தி மீண்டும் அளக்க. வேற்றுமை மறையின் குறை முன்பக்கத்தது, நிலைப்பின் பின்வில்லினது.

மூன்றாவதாக, வண்டியின் பின்மூலை ஒன்றை உடற்பாரத்தால் நன்கு அழுத்தித் திடீரென விடுக. எழும்பி ஒருமுறை தணிந்து நிற்பின் நலம்; இருமுறை மும்முறை ஆடின் ஷாக் அப்சார்பர் தளர்ந்தது. ஆனால் இச்சோதனையை மாத்திரம் நம்புதல் தகாது. என்னை? பட்டைகளுக்கிடையே துரு ஏறின் அவற்றின் உராய்வே அலைவை அடக்கி, பழுதுற்ற ஷாக் அப்சார்பரை நல்லதுபோற் காட்டும். மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் நாள்தோறும் செல்லும் வண்டிகளில் இதனை நினைவிற் கொள்க. ஆதலின் கரடான வழியில் 10 கிலோமீட்டர் ஓட்டியபின், புகைக்குழாயைத் தீண்டாமல், இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் கையால் தொட்டுப் பார்க்க. உழைத்தது வெதுவெதுப்பாயிருக்கும், குளிர்ந்தே இருப்பது உழைக்கவில்லை. வெளியே எண்ணெய் வழிந்திருத்தலும், டயர் ஓரிடம் விட்டு ஓரிடம் குழிகுழியாகத் தேய்ந்திருத்தலும் இதற்கு அடையாளங்கள்.

நான்காவதாக, வண்டியின் அடியிற் பார்க்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. சக்கரங்களுக்கு அடைகொடுத்து, உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே செல்க. பட்டைகளைத் துலக்கி, வெடிப்போ முறிவோ உளதா என்று காண்க. சென்டர் போல்ட்டின் துளையருகே வெடிப்புத் தோன்றுவது மிகுதி. பாரம் சக்கரத்தின்மேல் இருக்கும்பொழுது, சிறு கடப்பாரையால் வில்லின் முனைகளை நெம்புக. ரப்பர் பிதுங்கியிருப்பினும், முனை தடையின்றி நகரினும், அருகே செந்துருத் தூள் படிந்திருப்பினும் புஷ் தேய்ந்ததென்க. வண்டி புறப்படுகையிலும் பின்னோக்கிச் செல்கையிலும் 'டக்' என ஓசை எழுதலும் இக்குறையே. ஆயினும் சுழல்தண்டின் மூட்டு தேய்ந்தாலும் அவ்வோசை வரும். கியரை நியூட்ரலில் வைத்து, தண்டைக் கையால் திருகி, மூட்டில் ஆட்டமுளதா என்று பார்த்து இரண்டையும் வேறுபடுத்துக.

ஐந்தாவது சோதனையே பலரும் மறப்பது. ஒவ்வொரு வில்லின் முன்முனை போல்ட்டிலிருந்தும் அச்சு வரையுள்ள தொலைவை நூல் பிடித்து இருபுறமும் ஒப்பிடுக. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் அச்சு இடம் பெயர்ந்துள்ளது. ஈரமான தரையில் வண்டியை நேரே ஓட்டிச் சுவடுகளைப் பார்ப்பினும் இது விளங்கும்: பின்சுவடுகள் முன்சுவடுகளினின்று இருபுறமும் ஒரே அளவில் விலகாமல், இரண்டும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கும். நேரே செல்லவும் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பிப் பிடிக்க வேண்டியிருத்தல் மற்றோர் அடையாளம்.

எங்கள் வண்டியில் கண்டது

அச்செஞ்சிச் சாலை நிகழ்ச்சிக்கு மறுநாள், எங்கள் தெருவிலிருந்த முதிய மெக்கானிக் ஒருவரை என் தந்தையார் அழைத்து வந்தார். அவர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. "தம்பி, ஒரு முழ நூலும் சாக்கட்டியும் கொண்டு வா" என்று என்னிடம் சொன்னார். இருபுறமும் நூல் பிடித்து என்னையே அளக்கச் செய்தார். இடப்புறத்து அச்சு அரை அங்குலம் பின்தள்ளி நின்றது. யூ போல்ட்டுகள் எப்பொழுதோ தளர்ந்துபோக, அவை தாங்க வேண்டிய இழுப்பு முழுவதையும் தாங்கிய சென்டர் போல்ட் அறுந்து போயிருந்தது. "ஸ்டீயரிங் எந்நாள் முதல் கோணலாக நிற்கிறது, ஐயா?" என்று அவர் வினவ, என் தந்தையார், "மழைக்கு முன்பிருந்தே" என்றார். வண்டி தன் நோயைப் பல மாதங்களாகச் சொல்லியிருந்தது, கேட்பாரில்லை.

புதிய சென்டர் போல்ட்டுக்கும் யூ போல்ட்டுகளுக்கும் ஆன செலவு, முன்னர் வீணான தொகையில் சிறு பங்கே. பெரியவர் அன்று உரைத்த மூன்று விதிகளும் குறிக்கத்தக்கவை. வில்லை மாற்றின் இருபுறமும் சேர்த்தே மாற்றுக. புதியதும் பழையதும் ஒரு வண்டியில் ஒத்துழையா. ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பின்னரே முடிவாக இறுக்குக. தொங்கும் நிலையில் இறுக்கின் ரப்பர் எப்பொழுதும் முறுக்குண்டு விரைவில் கிழியும். யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்குக.

அன்று கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் அவர் கையால் இழுத்துப் பார்த்தார். இரண்டும் சீராக எதிர்த்து நின்றன; குறையொன்றும் இல்லாதவை.

மாணவ நண்பர்களே, பட்டறைக்காரர் நம்மை ஏமாற்றினர் என்று யான் கருதவில்லை. அவர் ஓசையைக் கேட்டு உறுப்பைக் கூறினர், அளந்து பார்த்திலர். நம் வகுப்பறையில் கருதுகோள் என்றும் சோதனை என்றும் கற்பன யாவும் இச்சிறு செய்தியில் அடங்கியுள்ளன. உறுப்பின் தொழிலை முதலில் உணர்க. செலவில்லாச் சோதனையை முந்திச் செய்க. அளவு சொல்வதைக் கேட்ட பின்னரே பணப்பையைத் திறக்க. உங்கள் இல்லத்தில் பழைய வண்டியொன்று இருப்பின், வரும் விடுமுறையில் ஒரு முழ நூலுடன் அதன் பின்சக்கரத்தருகே கால்மணி நேரம் அமர்ந்து பாருங்கள். அதில் ஏறிச் செல்வோர் நும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே அல்லரோ?