மெல்லிய பனியை நம்பலாமா?

கேள்வி: உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா மலைக்கு டிசம்பர் தொடக்கத்தில் நண்பர்களோடு போகவிருக்கிறோம். ஜனவரியைவிட அப்போது பனி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்கிறார்கள். நல்ல ட்ரெக்கிங் ஷூ மட்டும் போதுமா?
- வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் பனி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற கணக்கை நம்பிப் போகாதீர்கள். மலையில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் பனியின் அளவு அல்ல, அதன் நிலை. புதிதாகப் பெய்த ஆழமான பனியில் கால் புதையும், நடை தளரும். ஆனால் புதைந்த கால் வழுக்காது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுவதோ மெல்லிய பனி. பகல் வெயிலில் அது கொஞ்சம் உருகுகிறது. இரவில் அந்த நீரே உறைந்து இறுகுகிறது. இப்படி உருகி உருகி உறைந்தபின் மிஞ்சுவது, அடியிலுள்ள கல்லும் மண்ணும் தெரியும் அளவுக்குத் தெளிந்த ஒரு படலம். ஈரப் பாறைதானே என்று கால் வைப்பவர் அதில்தான் விழுகிறார்.

நீங்கள் புறப்படும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி சுமார் 3,810 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். ஆகவே கிராமத்தில் 5 டிகிரி என்றால், உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரியை எதிர்பார்க்கலாம். காற்று வீசினால் உடல் அதைவிடக் கடுமையாக உணரும். டிசம்பரில் அங்கே நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 36 டிகிரிதான் எழும்புகிறது. வடக்கு நோக்கிய சரிவுக்கும் அடர்ந்த மரநிழலுக்கும் வெயில் எட்டுவதே அரிது. அதனால் ஒரு திருப்பத்தில் சேறும் அடுத்த திருப்பத்தில் கட்டிப்பனியுமாகப் பாதை மாறிக்கொண்டே இருக்கும்.

'நிறையப் பேர் போகிற பாதைதானே' என்று நீங்கள் கேட்கலாம். அத்தனை பேர் மிதித்து அழுத்திய பனிதான் முதலில் கட்டியாகிறது. 'ஷூ பிடிக்காதா' என்றால், ரப்பர் அடிப்பாகம் மண்ணிலும் சொரசொரப்பான பாறையிலும் பதிந்து பிடிக்கிறது. இறுகிய பனிக்கட்டியில் பதிய இடமே இல்லை. ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும், எஃகுப் பற்கள் கொண்ட மைக்ரோஸ்பைக்தான் அங்கே உதவும். 'வெயில் ஏறியபின் கிளம்பினால் பனி இளகுமே' என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே டிசம்பரில் பகல் ஏறத்தாழ பத்து மணி நேரம்தான். தாமதமாக ஏறினால், களைத்த காலோடு இறங்கும் மாலையில் அதே ஈரம் மறுபடியும் உறையத் தொடங்கியிருக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்தில் வழுக்குவது எளிது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே மைக்ரோஸ்பைக், ஊன்றுகோல், நெற்றி விளக்கு மூன்றும் ஆளுக்கொன்று பையில் இருக்கட்டும். பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் அது காயாமல் உடல் சூட்டை உறிஞ்சும். மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் ஒரே இரவில் பாதையை மூடிவிடக்கூடும் என்பதால், கிளம்பும் முன் வானிலை முன்னறிவிப்பையும் உள்ளூர் வழிகாட்டியின் சொல்லையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணெதிரே தெரியும்போது அந்த முடிவை நிதானமாக எடுக்க யாராலும் முடியாது.