மருந்தினால் பெருக்கும் உடல்



முடக்குவாதம் போன்ற நெடுநாள் வியாதிகளுக்காகப் ‘பிரெட்னிசோலோன்’ என்னும் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர் நம்மவருள் உளர். வலி தணிகிறது; ஆனால் முகம் உருண்டு, வயிறு பருத்து, சட்டை இறுகுகிறது. “என்ன பாய், வியாபாரம் செழிப்போ?” என்று கடைக்கு வருவோர் கேலி பேச, வெட்கமுற்றுத் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு. இது பெருந்தவறு.

ஏன்? நம் சிறுநீரகங்களின் மேல் அமைந்த இரு சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனை அன்றாடம் சுரக்கின்றன. அவ்வினத்தைச் சேர்ந்த கார்டிசோனை 1948-இல் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்துப் பெரும்பலன் கண்ட அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹெஞ்ச், 1950-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் உண்ணும் மாத்திரையும் அதே இனமே. அது சில வாரங்கள் தொடர்ந்து வெளியிலிருந்து வரவே, சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. வெளிச்சரக்கை நம்பிச் சொந்தப் பட்டறையை மூடியவருக்கு, அச்சரக்கு ஒரே நாளில் நின்றால் என்ன கதியோ, அதுவே உடலுக்கும். வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் வீழ்தல் ஆகியன கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். வைத்தியர்தாம் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரையை விட்டு, ‘மூலிகை’ என்று விற்கப்படும் மூட்டுவலி மருந்தை நாடுவதிலும் தப்பிப்பில்லை. அத்தகைய சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வாங்குவோர் மட்டுமன்றி, அவற்றைக் கடையில் வைத்து விற்போரும் இதைக் கவனிக்க.

எடை கூடுவதற்குக் காரணங்கள் மூன்று: பசி மிகுகிறது, உடல் உப்பையும் நீரையும் தேக்குகிறது, கொழுப்பு முகத்திலும் வயிற்றிலும் பிடரியிலும் சேர்கிறது. இரத்தத்தில் சர்க்கரையும் ஏறக்கூடும். மருந்தின் அளவு குறையக் குறைய முகவீக்கம் பெரும்பாலும் வடியும். மிகுதியாக உண்டதால் ஏறிய எடையோ தானே இறங்காது; அது நம் பொறுப்பு.

முதலாவது, கல்லாவில் அமர்ந்தபடி அருந்தும் டின்பால் தேநீரை விட்டு, சீனி போடாத ‘தே ஓ’ அருந்துவோம். இரண்டாவது, கருவாடு, ஊறுகாய், கிச்சாப் ஆகியவற்றைக் குறைப்போம். நாளொன்றுக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். மூன்றாவது, சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டுவோம். வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று பெருமானார் (ஸல்) காட்டிய வழி இதற்கும் பொருந்தும். நான்காவது, மூட்டு இடங்கொடுக்கும் அளவு பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வோம்.

வாரம் ஒருநாள் காலையில் எடை பார்த்து, கணக்கேடு போல் எழுதி வைப்போம். சில நாட்களிலேயே எடை ஏறிக் கால் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

மற்றவர்க்கும் ஒரு வார்த்தை. பருத்த முகத்தைக் கண்டால் கேலி வேண்டாம். சுகம் விசாரித்து துஆச் செய்வோம். வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.