உலை நம்முடையது, எரிபொருள் யாருடையது?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கி நிறுவப்பட்டது. அதன் ஆடியின் விட்டம் சுமார் 1 மீட்டர். மற்றொன்று நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது, விட்டம் 2.34 மீட்டர். 1986-இல் அதற்கு வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

வெளிநாட்டில் வாங்கிய தொலைநோக்கியானாலும் அதற்குத் தேவையான ஒளி விண்மீன்களிலிருந்து தானே வந்து சேரும். விற்றவர் மனம் மாறினாலும் அதை நிறுத்த முடியாது. அணுமின் நிலையம் அப்படிப்பட்டதன்று. அதற்கு எரிபொருள் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த எரிபொருள் யார் கையில் இருக்கிறது என்பதே நாடுகளின் உறவில் பெரிய கேள்வியாகிவிடுகிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

இருவகை உலைகள்

இயற்கை யுரேனியத்தில் 1,000 அணுக்களை எடுத்துக்கொண்டால், எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஏறத்தாழ 7 மட்டுமே. மீதி பெரும்பாலும் யுரேனியம்-238. பிளவு தொடர்ந்து நிகழ, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கவேண்டும். சாதாரண நீர் இதைச் செய்யும்; ஆனால் நியூட்ரான்கள் சிலவற்றைத் தானே விழுங்கிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட யுரேனியம்-235-இன் அளவை உயர்த்தவேண்டும். இதுவே செறிவூட்டிய யுரேனியம். அதைத் தயாரிக்கும் நாடுகள் சிலவே.

கனநீர் மிகக் குறைவாகவே நியூட்ரான்களை விழுங்கும். ஆகவே கனநீர் உலைக்கு இயற்கை யுரேனியமே போதும். எனினும் கனநீரைத் தயாரிப்பது எளிதன்று.

தாராப்பூரும் ராஜஸ்தானும்

1963-இல் இந்தியா அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் அமைந்த நிலையம் 1969-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அது செறிவூட்டிய யுரேனியத்தில் இயங்குவது. ராஜஸ்தானில் கனடாவின் உதவியுடன் கனநீர் உலைகள் எழுந்தன.

1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தியது. அதற்கான புளுட்டோனியம், கனடா அளித்த டிராம்பே ஆராய்ச்சி உலையில் உருவானது. சோதனை அமைதிப் பணிக்கானதே என்றது இந்தியா. அமைதிக்காகத் தந்த உலை இவ்வாறு பயன்பட்டதே என்றது கனடா. தன் உதவியையும் நிறுத்திக்கொண்டது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் சேர்ந்து, விற்பனைக்குக் கடும் விதிகள் வகுத்தன.

ராஜஸ்தானின் இரண்டாம் உலை அரைகுறையாக நின்றது. நம் பொறியியலாளர்கள் அதை முடித்து, 1981-இல் இயக்கினர். தாராப்பூருக்கு அந்த வழி இல்லை. 1978-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தால் எரிபொருள் வரத்து தடைப்பட்டது. 1982-இல் பிரான்ஸ் தர முன்வந்தது. பின்னர் சீனாவும் ரஷ்யாவும் தந்தன.

கல்பாக்கம் காட்டிய வழி

கல்பாக்கத்தின் முதல் கனநீர் உலை 1983-இல் தொடர்வினை எய்தியது. அதை இந்தியர்களே கட்டினர். அங்கேயே பிரெஞ்சு வடிவமைப்பைத் தழுவிக் கட்டிய அதிவேக ஈனுலைக்கு, செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து கிடைக்கவில்லை. நம் அறிவியலாளர்கள் புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளை உருவாக்கினர். 1985-இல் உலை இயங்கியது.

இந்த நெருக்கடி நமக்கு மட்டும் வந்ததன்று. பாகிஸ்தானின் கராச்சி நிலையத்தையும் கனடாவே கட்டித் தந்தது; 1976-இல் அங்கும் உதவியை நிறுத்தியது.

கூடங்குளம்

1988-இல் சோவியத் ஒன்றியத்துடன் கூடங்குளம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991-இல் அந்த நாடே கலைந்துபோயிற்று. ரஷ்யாவுடன் 1998-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, முதல் உலை 2013-இல்தான் தொடர்வினை எய்தியது. எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம். இதற்கிடையே 2008-இல் விற்பனை நாடுகளின் குழு இந்தியாவுக்கு விதிவிலக்கு அளித்தது. அதனால் பிற நாடுகளிலிருந்தும் யுரேனியம் வாங்க வழி பிறந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் இரு அரசுகளே. ஆனால் உலையருகே வாழ்வோர் மூன்றாம் தரப்பினர். 2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில் விபத்து நேர்ந்தபின், இடிந்தகரை மீனவர்கள் தங்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பிப் போராடினர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் அணுசக்தித் திட்டத்தின் ஒரு பகுதியே.

மாணவர்களே! இன்று வங்காள தேசத்தின் ரூப்பூரில் ரஷ்ய உதவியுடன் அணுமின் நிலையம் அமைகிறது. இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, எத்தனை மெகாவாட் என்பதோடு நின்றுவிடாதீர்கள். எரிபொருள் யாருடையது? நட்பு முறிந்தால் மாற்று வழி உண்டா? எரிந்து முடிந்த எரிபொருளை யார் பொறுப்பேற்பார்? அருகில் வாழ்வோரிடம் கேட்டார்களா? இந்த நான்கிற்கும் விடை தேடுங்கள். அப்போதுதான் அந்த ஒப்பந்தம் உங்களுக்கு முழுமையாக விளங்கும்.