அழகைக் காண்பது கண்ணா, பழக்கமா?

ஒருவரைக் கண்ட மாத்திரத்தில் அழகுடையார் என்றோ அழகிலார் என்றோ தீர்ப்புக் கூறிவிடுகிறோம். கண் கண்டதையே கூறினோம் என்றும் எண்ணுகிறோம். நிதானங்கள் பன்னிரண்டையும் கற்றோர் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை என்னும் வரிசையை அறிவர். அழகைப் பற்றிய தீர்ப்பு வாயிலாகிய கண்ணில் பிறப்பதன்று, நுகர்வில் பிறப்பது. நுகர்வோ பெரும்பாலும் பழக்கத்தின் வழிச் செல்வது.

இதற்கு நல்ல சான்று ஒன்றுண்டு. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர், பெண்கள் சிலரைப் படம் பிடித்து, ஒரே படத்தை இருவகையாக அச்சிட்டனர்: பிறர் காணும்படி ஒன்று; இடம் வலம் மாறிக் கண்ணாடியில் தோன்றும்படி மற்றொன்று. படத்துக்குரிய பெண்களிற் பெரும்பாலோர் கண்ணாடிப் படத்தையே விரும்பினர்; அவர்தம் தோழியரோ மற்றதையே பெரிதும் விரும்பினர். முகம் ஒன்றே. அவரவர் நாள்தோறும் கண்டு பழகியது எதுவோ, அதுவே அவரவர்க்கு அழகாயிற்று.

எல்லாம் பழக்கமே என்று துணிதலும் பொருந்தாது. பெரியோர் அழகெனக் குறித்த முகங்களை இரண்டு மூன்று மாதக் குழந்தைகளும் நெடுநேரம் நோக்குவதை, 1987-இல் லாங்லாய் என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும் கண்டனர். ஆயினும் குழந்தை நோக்குவதோடு நிற்கிறது. நாமோ முகத்தைக் கொண்டு குணத்தையும் அளக்கத் தலைப்படுகிறோம். 1972-இல் டயன், பெர்ஷீட், வால்ஸ்டர் என்பார், முன்பின் அறியாதவர் படங்களை மாணாக்கரிடம் கொடுத்து அவர்தம் இயல்பைக் கூறுமாறு கேட்டனர். அழகிய முகத்தார் நற்குணமுடையார், நல்ல தொழில் பெறுவார், இல்வாழ்வில் இன்புறுவார் என்றே விடை வந்தது. (நல்ல பெற்றோராவர் என்று மட்டும் கூறவில்லை, அந்த மட்டில் மாணாக்கர் பிழைத்தார்கள்!)

துறந்தாரும் இதற்கு விலக்கல்லர். குள்ளராய், காண்பதற்குப் பொலிவற்றவராய் இருந்த லகுண்டக பத்தியரைப் பிக்குகள் பலர் இகழ்ந்தனர். புத்த பகவானோ, இவர் பேராற்றல் உடையார் என்று அவர்களுக்கு எடுத்துக் காட்டினார். இனிய குரலுடைய பிக்குகளுள் முதல்வரென அவரால் குறிக்கப்பட்டவரும் இவரே.

நம் நாட்டில் இத்தீர்ப்பு பெரிதும் நிறத்தின்மேல் விழுகிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென்று சரணம் புகுந்தோர் வீடுகளிலும் இது நுழைந்திருக்கிறது. 'பெண் கொஞ்சம் கறுப்பு' என்ற ஒரு சொல்லால் எத்தனை வரன்கள் கலைந்து போகின்றன! அதனைக் கேட்டு வளரும் தங்கை வெயிலில் விளையாட அஞ்சுகிறாள். 1975 முதல் இந்நாட்டில் விற்கப்பட்டு வந்த 'பேர் அண்டு லவ்லி' என்னும் களிம்பின் பெயரிலிருந்து, வெண்மையைக் குறிக்கும் முதற்சொல் 2020-இல் நீக்கப்பட்டது. களிம்பு இன்னும் கடைகளில் இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்னும் சொல்லும் இருக்கிறது.