ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் ஓர் இரவும்

அன்பு மருமகனுக்கு,

நீ எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். பீட்சாவுக்கு அரைக் கிலோ மைதா, 7 கிராம் ஈஸ்ட், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்தது. பூரிக்கட்டையால் தேய்த்து ஓடிஜி அடுப்பில் வைத்தால் வெளுத்து விறைத்த ரொட்டிதான் வந்தது, ஈஸ்ட் வாடை வேறு. "இனிமேல் கடையில் பேஸ் வாங்கிச் சீஸ் தூவிக்கொள்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

பேஸ் வாங்காதே. பீட்சாவில் ருசி மாவில்தான் இருக்கிறது. மேலே தூவுவதெல்லாம் அதற்கு அப்புறம். உறையில் போட்டு விற்கிற அந்த வட்டம் முன்பே வெந்து ஆறிப்போனது. அதை மறுபடி சூடு பண்ணலாமே தவிர, பீட்சா சுட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நீ மாவில் கை வைத்துவிட்டாய். அங்கிருந்து பின்வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

உன் கைப்பக்குவத்தில் குறை ஒன்றுமில்லை. நீ பார்த்துச் செய்த குறிப்பு குளிர் நாட்டு அடுக்களைக்கு எழுதியது. அங்கே வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும். ஈஸ்ட்டைத் தட்டி எழுப்பவே வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் உன் சமையல் மேடையே 34 டிகிரியில் கொதிக்கிறது. ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை. சூடு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சர்க்கரையும் கொடுத்து ஏழு கிராமையும் கொட்டினால், ஒரு மணி நேரத்தில் வாயு நிறைந்துவிடும். மாவுக்குள் நடக்க வேண்டிய மற்ற வேலை எதுவும் அதற்குள் நடந்திருக்காது. பொங்குவது வேறு, பக்குவப்படுவது வேறு.

நேப்பிள்ஸில் எவ்வளவு ஈஸ்ட் போடுகிறார்கள் தெரியுமா? அந்த ஊர் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பாரம்பரியத் தயாரிப்பு என்ற பாதுகாப்பைக் கொடுத்தது. கொடுக்கும்போது செய்முறையையும் சட்டமாகவே எழுதிவைத்தது. 1 லிட்டர் தண்ணீர், சுமார் 1.8 கிலோ மாவு, 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. அந்த 3 கிராமும் ஈரமான பச்சை ஈஸ்ட். நாம் வாங்குகிற உலர்ந்த குருணைக் கணக்கில் அது 1 கிராம்தான். நீ போட்டதை அதோடு ஒப்பிட்டுப் பார். ஒரே அளவு மாவுக்குக் கணக்கிட்டால், அவர்கள் போடுவதைப்போல் 25 மடங்கு வருகிறது. வாடை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஈஸ்ட்டைக் குறைத்தால் மாவு மெதுவாகப் பொங்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள கிளையடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதங்களும் கைகோத்து வலை பின்னத் தொடங்கும். கிளையடினால் மாவு நீளும். குளூட்டனினால் நீண்டது திரும்பி இழுக்கும். பிசைந்தால் இந்த வலை சீக்கிரம் அமையும். பிசையாமல் விட்டாலும், நேரம் கொடுத்தால் தானே அமையும். நியூயார்க்கில் சுல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்துகிற ஜிம் லேஹி இப்படித்தான் பிசையாத ரொட்டி ஒன்றைச் செய்து காட்டினார். 2006 நவம்பரில் மார்க் பிட்மன் அதை நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கால் டீஸ்பூன் ஈஸ்ட், சுமார் 18 மணி நேரம், அவ்வளவுதான் சூட்சுமம். பேக்கரியில் வேலை பார்த்தால்தான் நல்ல ரொட்டி வரும் என்று நினைத்திருந்த எத்தனையோ பேர் அதற்குப் பிறகு வீட்டிலேயே சுட ஆரம்பித்தார்கள். அந்த நீண்ட நேரத்தில் மாவிலிருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைத்துக்கொடுக்கும். ஈஸ்ட் அதைத் தின்று வாயுவோடு வாசனையையும் உண்டாக்கும். தின்றது போக மிஞ்சியது சூட்டில் சிவக்கும். அதனால் ஓர் இரவு வைக்கிற மாவுக்கு நீ சர்க்கரை போட வேண்டியதே இல்லை.

ஆனால் நம் ஊரில் 18 மணி நேரம் வெளியே வைத்தால் மாவு புளித்துக் கூழாகிவிடும். நமக்கு ஃப்ரிட்ஜ்தான் வழி. அங்கே ஈஸ்ட் தூங்கி வழியும். நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி அளவு. மைதா 300 கிராம், தண்ணீர் 190 கிராம், உப்பு 7 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், உலர் ஈஸ்ட் கால் டீஸ்பூன். இரண்டு பீட்சாவுக்கு இது போதும். டம்ளர் கணக்கு வேண்டாம். மைதாவை அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தூவி அள்ளினால் ஓர் எடை. நேற்று வந்தது இன்று வராது. ஒரு சமையல் தராசு வாங்கிக்கொள், இந்த வேலைக்கு நீ வாங்க வேண்டியது அது ஒன்றுதான். நேப்பிள்ஸ் கணக்கில் 100 மாவுக்குத் தண்ணீர் 56கூட வராதே, நான் 63 சொல்கிறேனே என்று கேட்பாய். அவர்களுடைய விறகடுப்பில் சூடு 485 டிகிரி வரை போகும். பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். உன் ஓடிஜி 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதில் பத்து நிமிடம்வரை பிடிக்கும், அதற்குள் ஈரமெல்லாம் ஆவியாகிவிடும். அதற்காகத்தான் கூடுதல் தண்ணீரும் ஒரு ஸ்பூன் எண்ணெயும்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்கு பேக்கரிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள். அதை மூன்றால் பெருக்கினால் 75. அறையின் 34ஐயும் மைதாவின் 34ஐயும் கழித்தால் மீதி 7. கைச்சூட்டுக்கும் கொஞ்சம் போகட்டும். ஆக, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை அப்படியே ஊற்றலாம்.

எல்லாவற்றையும் உலர்மாவு தெரியாத அளவுக்குக் கலந்து மூடி வை. அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார், கையில் அப்பிக்கொண்டிருந்த மாவு வழுவழுப்பாகியிருக்கும். ஓரத்தை இழுத்து நடுவில் மடி, பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் அப்படிச் செய். இன்னும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒரு சுற்று. பிறகு சிறு துண்டைக் கிள்ளி இரண்டு கை விரல்களாலும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடி. கிழியாமல் மெல்லிய சவ்வாகி விரல் நிழல் தெரிந்தால் வலை அமைந்துவிட்டது. இரண்டு உருண்டையாகப் பிடித்து, எண்ணெய் தடவிய டப்பாக்களில் தனித்தனியே மூடி ஃப்ரிட்ஜில் வை. மறுநாள் சுடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடு. விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி அளவுக்கு எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் பொறு. எழும்பவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது.

பூரிக்கட்டையை எடுக்காதே. ஓர் இரவு முழுக்க மாவு சேர்த்துவைத்த வாயுவை அது ஒரே உருட்டில் வெளியேற்றிவிடும். நீ சுட்டது விறைத்ததில் பாதிப் பங்கு அந்தக் கட்டைக்கு உண்டு. நேப்பிள்ஸ் விதியில் கட்டைக்கும் இயந்திரத்துக்கும் இடமே இல்லை, கையால்தான் விரிக்க வேண்டும். அந்தக் கைவேலையைத்தான் யுனெஸ்கோ 2017இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உருண்டையை ரவை தூவிய மேடையில் வைத்து, நடுவிலிருந்து விரல் நுனிகளால் வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போ. ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைத் தொடாதே. உள்ளே இருந்த காற்றெல்லாம் அந்த ஓரத்துக்குப் போய்ச் சேரும், தோலுக்கடியில் சின்னச் சின்னக் குமிழ்களாக அதைப் பார்க்கலாம். சுடும்போது உப்பி எழுவது அந்த விளிம்புதான். விரிக்கும்போது மாவு திரும்பத் திரும்பச் சுருங்கினால் மல்லுக்கட்டாதே, மூடிவைத்துப் பத்து நிமிடம் தள்ளிப் போ. பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டுத்தான் வீசுவார், பார்த்திருக்கிறாய் அல்லவா? இதுவும் அதே மைதா, அதே குளூட்டன். ஓய்வு கொடுத்தால்தான் நீளும்.

அடுத்தது சூடு. வெளுப்புக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஓடிஜியின் விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். காற்றுதான் சூடாகியிருக்கும், மெல்லிய அலுமினியத் தட்டில் சூடு தங்காது. வீட்டில் கனமான இரும்பு தோசைக்கல் இருக்கிறதே, அதை உள்ளே வை. மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இருக்கக் கூடாது. நாலு பக்கமும் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். கண்ணாடிக் கதவில் படக் கூடாது. நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 250 டிகிரியில் முக்கால் மணி நேரம் காய விடு. இவ்வளவு நேரமா என்று அம்மா கேட்டால், 1,600 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 1.6 யூனிட்தான் என்று சொல். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதே, 16 ஆம்பியர் பிளக்கிலேயே செருகு. சூடான கல்லை ஈரத்துணியால் பிடிக்காதே, துணியிலுள்ள ஈரம் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும்.

விளிம்பில்லாத தட்டில் ரவை தூவி, அதன்மேல் பீட்சாவை வைத்து, ஒரே உதறலில் கல்லுக்குத் தள்ளு. மாவு கல்லைத் தொட்ட முதல் சில நிமிடங்களில்தான் எழும்பும், அப்போது கதவைத் திறக்காதே. வெந்ததும் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார். தோசைக்கு வருகிற பழுப்புப் புள்ளிகள் அங்கங்கே வந்திருந்தால் சரி.

மேலே போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நேப்பிள்ஸில் தக்காளியை வேகவைக்காமல் நசுக்கி உப்பு மட்டும் போட்டுத் தடவுவார்கள். நம் நாட்டுத்தக்காளியில் தண்ணீரும் புளிப்பும் கூடுதல். நசுக்கி, வடிகட்டி, கொஞ்ச நேரம் அடுப்பில் சுண்ட வைத்துத் தடவு. எதையும் குறைவாகப் போடு, கனம் கூடினால் நடுப்பகுதி வேகாது.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு முறை சரியாக வந்ததும் உனக்கு ஆசை கிளம்பும். கேழ்வரகு கலக்கலாமா, கோதுமை போடலாமா, தண்ணீரைக் கூட்டலாமா என்று எல்லாம் தோன்றும். எல்லாவற்றையும் செய், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. மைதாவையும் ஈஸ்ட்டையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, கெட்டாலும் அப்படித்தான். ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொள். என்ன மைதா, உறையில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, தண்ணீர் எடை, அறையின் சூடு, எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தது, வாசனை எப்படி, அடி எப்படிச் சிவந்தது, எல்லாவற்றையும் அன்றன்றே எழுது. காசு கொடுத்து வாங்கும் புத்தகம் எதுவும் உன் சமையலறையைப் பற்றி இவ்வளவு சொல்லாது.

கோதுமை மாவில் தொடங்கு. மைதாவில் கால் பங்கைக் குறைத்து அதைச் சேர். தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை அறுக்கும். மில்லில் அரைபடும்போது மாவுச்சத்து சிதைவதால் தண்ணீரையும் கூடுதலாக இழுக்கும்; பத்துப் பதினைந்து கிராம் சேர்த்துக்கொள். கேழ்வரகில் குளூட்டன் இல்லவே இல்லை, பத்தில் ஒரு பங்கோடு நிறுத்து. உப்பே இல்லாமல் ஓர் உருண்டையும் பிடித்துப் பார். மாவு கட்டுக்கடங்காமல் ஓடும், பிசுபிசுக்கும், சீக்கிரம் பொங்கிவிடும். உப்பு ருசிக்கு மட்டும் இல்லை என்பது அப்போது தெரியும். இத்தாலியிலேயே டஸ்கனி மாநிலத்து ரொட்டியில் உப்பு கிடையாது. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், அது வேறு கைப்பக்குவம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிடு. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான் சொன்ன அளவில் மாவு கலந்து, இரண்டு உருண்டையையும் ஃப்ரிட்ஜில் வை. ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மாலை சுடு, மற்றதைச் செவ்வாய்க்கிழமை மாலை. ஒரே மாவு, ஒரே கல், ஒரே தக்காளி. நேரம் ஒன்றுதான் வித்தியாசம். இரண்டையும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடு, எதை எதனால் பிடித்தது என்று கேட்டு நோட்டில் எழுது. அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி வை, பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை