சுவரில் சைக்கிள், தட்டில் நாசி கண்டார்

கேள்வி: பினாங்கு செல்லும் குடும்பம் ஓவியமும் சாப்பாடுமாக ஒரு நாளைக் கழிக்க ஏற்ற இடம் எது?

பதில்: பினாங்கின் ஜார்ஜ் டவுன், 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் அதன் பழைய சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஆர்மீனியன் தெருவில் இருப்பதே பிரபலம்: சுவரோடு பொருத்திய நிஜ சைக்கிள், அதை ஓட்டுவதுபோல் ஒரு சிறுமி, பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பொடியன். படமெடுக்க வரிசை நிற்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.

மதியத்துக்கு நாசி கண்டார். மலாயில் 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' காவடித்தண்டு. தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் அப்படித் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர். இரண்டு மூன்று குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொன்னால்தான் அதன் ருசி தெரியும். தனித்தனியாக வாங்குவது வீண். சிறுவர்களுக்குக் காரம் சற்றுத் தூக்கல்தான்.

அதற்கு மாற்று செண்டோல்: பச்சை நிற அரிசிமாவு இழைகள், தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, துருவிய ஐஸ். ஐஸ் உருகினால் வெறும் இனிப்புத் தண்ணீர். வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிட்டுவிட வேண்டும்.